கிளிமூக்கு வம்சம்

“எல்லாரும் பக்கத்துல இருக்கறவங்க மூக்கைப் பாருங்க” என்று கோவிந்தசாமிப் பெரியப்பா மைக்கில் சொன்னார். பாசிர் ரிஸ் கடற்கரை விடுதியில் கூடியிருந்த அறுபது பேரும் பார்த்தார்கள், சிரித்தார்கள்.

சுவரோரம் நாற்காலியில், பெரிய சட்டத்துக்குள் எங்கள் கொள்ளுத்தாத்தா வடிவேலு. அவர் ஊரிலிருந்து கப்பலில் இங்கே வந்திறங்கி நூறு வருஷம் ஆனதற்குத்தான் இந்தக் கூட்டம். படத்தில் முதலில் கண்ணில் படுவது மூக்கு. நல்ல கிளிமூக்கு.

எங்கள் வம்சத்தில் குழந்தை பிறந்தால் ஆணா பெண்ணா என்பதற்கு முன்னால் மூக்கைத்தான் விசாரிப்பார்கள்.

எங்கள் வீட்டில் மட்டும் விசாரிக்க ஒன்றும் இல்லை.

கொள்ளுத்தாத்தாவுக்கு நான்கு பிள்ளைகள். மூத்த மூவருக்கும் கிளிமூக்கு, அவர்கள் பேரன் பேத்தி வரைக்கும் அதே. மூத்தவரின் மகன்தான் கோவிந்தசாமிப் பெரியப்பா. கடைக்குட்டியான என் தாத்தாவுக்குச் சப்பை மூக்கு. அது அப்பாவுக்கு வந்தது, பிறகு எனக்கும் வந்து சேர்ந்தது. எங்களைத் தவிட்டுக்கு வாங்கினதாகச் சொல்லிச் சிரிக்காத கல்யாண வீடு கிடையாது.

அதற்குச் சாட்சி வேறு வைத்திருந்தார்கள். ஜப்பான்காரன் சண்டையில் தோற்றுப்போன வருஷம் அந்தப் படத்தைக் கொண்டுவந்து மாட்டியவள் கொள்ளுப்பாட்டி முத்தாயி. ஒவ்வொரு திதிக்கும் மூத்த மூன்று பேரையும் கூப்பிட்டு மாலை போடச் சொல்வாளாம். என் தாத்தாவை மட்டும் கையைப் பிடித்து நிறுத்திவிடுவாளாம். பெற்ற பிள்ளையை இப்படிச் செய்வாளா என்று இன்றைக்கும் கேட்பார்கள்.

அப்பாவுக்கும் அந்த உரிமை வரவில்லை. ஆனால் மாலை வாங்குவது என்னவோ அவர் வேலைதான். இன்று காலையிலும் தேக்கா சந்தைக்குப் போய், மூன்று கடை ஏறி இறங்கி, ரோஜா மாலையாகப் பார்த்து வாங்கி வந்தார். அறுபத்து மூன்று வயது. புது வேட்டி. இந்த வருஷமாவது அண்ணன் தன்னைக் கூப்பிடுவாரா என்று காரில் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் நானே பெரியப்பாவிடம் கேட்டுப் பார்த்தேன்.

“மூக்கை வளைச்சுக்கிட்டு வரச் சொல்லு, மாலை தர்றேன்லா” என்றார். சொன்ன கையோடு எனக்கு வேலையும் கொடுத்தார். கொள்ளுத்தாத்தாவைப் பற்றிப் பழைய ஆவணங்களில் என்ன இருக்கிறதோ தோண்டி எடுக்க வேண்டும், விழா உரையில் சேர்க்க வேண்டும்.

தோண்டினேன். ஆறு சனிக்கிழமை போயிற்று.

“முத்தாயிப் பாட்டியை ஒரு நாள்கூடப் பிரியாம வாழ்ந்த மனுஷன்” என்று பெரியப்பா உரையைத் தொடங்கும்போது போய், கிடைத்ததைப் போட்டு வைத்திருந்த உறையைக் கையில் கொடுத்தேன்.

உள்ளே இரண்டு தாள். முதல் தாளைப் படித்துவிட்டு விரல்களை மடக்கி ஏதோ எண்ணினார். மறுபடி எண்ணினார். இரண்டாவது தாளைப் பார்த்தபோது அவர் கை தானாகத் தன் மூக்குக்குப் போனது.

மைக்கைப் பொத்திக்கொண்டு, இதை வேறு யார் பார்த்தது என்று கேட்டார். இதுவரைக்கும் நான் மட்டும்தான் என்றேன். மிரட்டவெல்லாம் இல்லை. மரியாதையாகச் சொல்லிவிட்டு, தள்ளிப் போய் நின்று ஒரு கறிபஃப்பைக் கடித்தேன்.

பெரியப்பா தொண்டையைச் செருமினார். இந்த வருஷம் முதல் மாலையைத் தம்பி ரமணன் போடுவார் என்று அறிவித்தார்.

அறுபது பேரும் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள்.

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார். மாலையைப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

பெரியப்பா தாள்களை நான்காக மடித்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார். பரவாயில்லை, என் கைப்பையில் இன்னொரு நகல் இருக்கிறது.

முதல் தாள் கப்பல் பதிவு. 1930இல் இங்கே வேலை இல்லையென்று ஆட்களை ஊருக்குத் திருப்பி அனுப்பியபோது வடிவேலுவும் போயிருக்கிறார். முத்தாயி போகவில்லை. வடிவேலு திரும்பி வந்தது 1937இல். பத்து மாதம் இருந்துவிட்டுக் காய்ச்சலில் கண்ணை மூடிவிட்டார். மூத்த பிள்ளைக்கே அப்போது ஐந்து வயது, முகம் யாருக்கும் நினைவில் நின்றிருக்காது.

மூத்தவர்கள் பிறந்தது 32, 34, 35. என் தாத்தா பிறந்தது 38.

இரண்டாவது தாள், திரும்பி வந்தவர் துறைமுக வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த அட்டை. பெயர் வடிவேலு, மனைவி முத்தாயி. மூலையில் ஒட்டிய படத்தில் அச்சு அசலாக என் அப்பா. சப்பை மூக்கு.

சட்டத்துக்குள் கிளிமூக்கோடு இருக்கும் மனிதர் யாரென்று எந்த ஆவணத்திலும் இல்லை. முத்தாயிக்குத் தெரியும். அவள் யாரையும் ஏமாற்றவில்லை. மூன்று பிள்ளைகளையும் அவர்கள் அப்பாவுக்குத்தான் மாலை போடச் சொல்லியிருக்கிறாள். நாலாவது பிள்ளையைக் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறாள்.

உயிரோடிருந்த வரைக்கும் அவள் கட்டிக்காத்த ஒழுங்கை நான் ஒரே உறையில் கெடுத்துவிட்டேன்.

அப்பா என்னைத் தேடிக்கொண்டு வந்தார். கண் ஈரமாக இருந்தது. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை.

“கிட்டப் போய் நல்லா பார்த்தேம்மா. தாத்தா மூக்கு நம்ம மூக்கு மாதிரியேதான் இருக்கு.”

ஆமாம்பா என்று சொல்லிவிட்டுக் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.