குழந்தைக் குரல்

நன்றாக ஓடுகிற மென்பொருளில் கை வைக்கக் கூடாது என்பது புரோகிராமர் எழில்மாறனின் கொள்கை. புதிய பதிப்பு என்றாலே கம்பெனிகளை வறுத்தெடுத்துவிடுவார். பிறவியிலேயே பேச்சு வராத மகள் நிறைமதிக்கு, நான்கு வயதில் வாங்கிக் கொடுத்த, நினைப்பதைப் பேசும் கழுத்துக் கருவியையும் அவர் ஒருமுறைகூட அப்டேட் செய்யவில்லை.

"அப்பா, எனக்குப் பதினெட்டு வயசாச்சு. காலேஜ்ல எல்லாரும் என் குரலக் கேட்டுச் சிரிக்கிறாங்க," என்றாள், கருவியின் மாறாத நான்கு வயது மழலைக் குரலில்.

அந்தக் குரலில்தான் அவள் முதன்முதலாக அவரை அப்பா என்று கூப்பிட்டாள். கணினித் திரையில் தெரிந்த அப்டேட் பொத்தானை வெகுநேரம் கழித்தே அவர் அழுத்தினார்.

"அப்பா," என்றது ஓர் இளம்பெண்ணின் குரல். "எப்படியிருக்கு? ம், வழக்கம்போல கம்பெனியத் திட்டுப்பா."

எழில்மாறன் திட்டவில்லை.

"இன்னொரு தடவை கூப்பிடும்மா."