துருக்காரி

"பேரை மறைச்சுட்டியா?" என்று கேட்டுக்கொண்டே கண்ணாடியைத் துடைத்தார் அப்பா.

"மறைச்சுட்டேன்ப்பா." ஸ்கேன் படம் தெரிந்த திரையின் மூலையில், பெயர் வரும் இடத்தில், மகள் ஒரு காகிதத் துண்டை ஒட்டியிருந்தாள்.

அது அவர் போட்ட சட்டம். பேரைப் பார்த்துவிட்டால் கண் பொய் சொல்லும் என்பார். ஸ்கேன் படம் பார்க்கும் டாக்டர்களில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஓய்வு பெற்ற பிறகும் ஆஸ்பத்திரியில் அவருக்குக் 'கழுகு' என்றுதான் பெயர்.

மகள் போன பாதை வேறு. இரும்புத் துருவைக் கண்ணுக்கே தெரியாத நானோ துகளாக்கி, ரத்தத்தில் ஏற்றி, ஈரலைப் படமெடுக்க ஒரு மருந்து செய்திருந்தாள். தண்ணீர்க் குழாயில் பிடிக்கிற துருவை நரம்பில் ஏற்றப்போகிறாயா என்று கேலி பண்ணி, துருக்காரி என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தவர் அவர். சோதனைக்கு நோய் நொடி இல்லாத ஆட்கள் வேண்டும் என்றதும் முதல் ஆளாகச் சட்டைக்கையை மடித்துக்கொண்டு போனவரும் அவரேதான். அதைத் தெருவெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டார்.

ஆனால் மருந்து தேறுமா என்று கேட்டால் மட்டும், படத்தைக் காட்டு, பிறகு சொல்கிறேன் என்று பிடிகொடுக்க மாட்டார். ஆஸ்பத்திரியில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அவர் உதட்டைப் பிதுக்கினால் அவளுடைய இத்தனை வருட உழைப்பும் போச்சு.

அப்பா திரைக்குள்ளேயே புகுந்துவிடுவது போல் குனிந்து பார்த்தார். மகள் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். மார்க் குறைந்த அன்றெல்லாம் அவர் முன்னால் அப்படித்தான் நிற்பாள்.

"நல்ல ஈரல் பூரா உன் துருவை உறிஞ்சிக் கறுத்துப் போயிருக்கு. இந்த மிளகு அளவு இடம் மட்டும் உறிஞ்சாம வெள்ளையா நிக்குது பாரு. கேன்சர். இப்பத்தான் முளைச்சிருக்கு."

"நிச்சயமாப்பா?"

"பழைய மருந்துல இந்தக் கழுகு கண்ணுக்கே தப்பியிருக்கும்." அவர் திரையிலிருந்து நிமிர்ந்தார். "உன்னைப் போய் கேலி பண்ணினேனே. பெருமையா இருக்கும்மா. ஒரு உசுரைக் காப்பாத்திட்டே."

அவள் கண் நிறைந்துவிட்டது. பாராட்டைக் கேட்டு அழுகிறாள் என்று நினைத்து, அவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"பொழைச்சுக்குவாங்களாப்பா?"

"என்ன கேள்வி இது? இப்பவே எடுத்துட்டா நூறு வயசு இருக்கலாம். ஆபரேஷன் வேண்டாம்னு அந்த ஆள் அடம்பிடிச்சா என்கிட்ட அனுப்பு. நானே எடுத்துச் சொல்றேன்."

"சொல்லிட்டீங்கப்பா" என்று மகள் காகிதத் துண்டை மெல்ல உரித்தாள்.

அதற்கு அடியில் இருந்தது அவருடைய பெயர்.