அத்தாவின் ரிப்போர்ட்

"அத்தா, உங்க ரிப்போர்ட் வந்துடுச்சு" என்று துபாயிலிருந்து ஃபஹத் படபடத்தான்.

"எனக்கு இருமலே நின்னுடுச்சுப்பா. நல்லாத்தான் இருக்கேன்" என்றார் ஜாஃபர் சாதிக்.

"கொரோனாவுல அப்படித்தான் தெரியுமாம். ரத்தத்துல சிஆர்பி நூத்தி நாப்பது, டி-டைமரும் எக்கச்சக்கம். ரெண்டே நாள்ல நுரையீரலைப் பிடிச்சிடும்னு டாக்டர் சொல்றார். தஞ்சாவூர்ல பெட் சொல்லியாச்சு. ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சு."

ஜாஃபர் முகத்தில் ஈயாடவில்லை.

ஸ்பீக்கரில் வந்த பேச்சைக் கேட்டு அடுப்படியிலிருந்து ஓடி வந்த அவர் மனைவி ஆசியா, அவருடைய கைலிகளை மடித்துப் பையில் வைக்கத் தொடங்கினாள்.

"பயப்படாதீங்க. நானும் கூட வர்றேன்."

அவ்வளவு சொல்வதற்குள் இரண்டு முறை அவளுக்கு மூச்சு வாங்கியது. அவள் முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியையே ஜாஃபர் பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்று ரத்தம் எடுக்க ஆள் வந்ததும், ஊசிக்குப் பயந்து கொல்லைப்பக்கம் நழுவியவர் அவர்தான். "ஒரே சட்டிச் சோறுதானே தின்னுறோம்? எனக்குப் பதிலா நீ கையை நீட்டிடு. புள்ளைக்கு ஒரு ரிப்போர்ட் போனாப் போதும்" என்று மனைவியை அனுப்பி வைத்தவரும் அவர்தான். கவச உடைக்குள் வேர்த்துக் கொட்டிய அந்த ஆளுக்கு, யார் கை நீண்டாலும் ஒன்றுதான்.

"அத்தா, லைன்ல இருக்கீங்களா?"

ஜாஃபர் பையிலிருந்த கைலிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார்.

"ஆசியா, உன் சேலையை எடுத்து வை."