பன்னிரண்டாயிரம் அடி

“செல்லச்சாமி, கைய நீட்டு.”

செல்லச்சாமி இடது கையை நீட்டினார். ஜமால்தீன் ஹாஜியார் ஒரு கறுப்புப் பட்டியை எடுத்து அதில் கட்டிவிட்டார். ஒரு நாளைக்கு எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணிச் சொல்லும் பட்டி. கட்டாரில் இருக்கும் மகன் வாப்பாவுக்கென்று ஆசையாக அனுப்பியது.

“கடை சாத்துறப்போ கழட்டித் தா. ஒருத்தருக்கும் சொல்லாத.”

“சரிங்க மொதலாளி.”

கட்டுகஸ்தோட்டையில் ஹாஜியாருக்குத் துணிக்கடை. அங்கே ஒன்பது வருடமாக ஓடியாடி வேலை செய்பவர் செல்லச்சாமி. மேல்மாடிக்கும் கீழுக்கும், தையல்காரர் வீடுகளுக்கும் துணிப்பொதியோடு நடந்துகொண்டே இருப்பார். பாலத்துக்கு அந்தப் பக்கம் வீடு, கல்யாணமானவர். அதோடு அவரைப் பற்றி முதலாளிக்குத் தெரிந்தது முடிந்தது.

ஹாஜியார் கதிரையை விட்டு எழுவதே பெரிய காரியம். எடை குறைய, இரைப்பையைச் சுருக்கும் ஒப்பரேஷன் செய்து ஏழு மாதமாகிறது. பள்ளிவாசலில் கதிரை போட்டுத் தொழுகிறவர், மற்றவர்களைப் போல நிலத்தில் நெற்றி வைத்துத் தொழ வேண்டும் என்ற ஆசையில்தான் கத்திக்கே சம்மதித்தார்.

“வெட்டினது பாதி வேலைதான் ஹாஜியார். மிச்சப் பாதி உங்க கால்ல இருக்கு. தினமும் நடக்கணும்” என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கண்டி கிளினிக்கின் தாதி அதற்காகவே ஒரு வாட்ஸ்அப் குழு நடத்தினாள். ஒப்பரேஷன் செய்துகொண்டவர்கள் அன்றாடம் நடந்த கணக்கை மாலையில் போட வேண்டும். மற்றவர்கள் மூவாயிரம், நாலாயிரம் என்று போட, ஹாஜியார் பன்னிரண்டாயிரம் போட்டார். மூன்று மாதமாக அவர்தான் முதலிடம்.

“மாஷா அல்லாஹ்!” என்றார்கள் சிலர். கைதட்டும் படங்கள் வந்து விழுந்தன. எல்லாரையும் விட அதிகமாகப் புகழ்ந்தவள் அழகம்மா. அவளை ஹாஜியார் நேரில் கண்டதில்லை, அவளுடைய கிளினிக் நாள் வேறு.

“இன்னைக்கு பஸ்ஸுல எனக்குப் பக்கத்துல ஒரு ஆள் உட்கார எடம் இருந்துச்சு! எல்லாம் ஹாஜியாரைப் பார்த்து நடந்த நடை” என்று ஒரு நாள் எழுதினாள்.

ஹாஜியாருக்குப் பெருமையாகத்தான் இருந்தது, கிளினிக் தராசில் ஏறும் வரைக்கும்.

“ரெண்டு கிலோ கூடியிருக்கே! இவ்வளவு நடந்துமா?” என்றாள் தாதி.

“தராசப் பாருங்க மிஸ், பழசு போல” என்று சமாளித்துவிட்டு வந்தார். பள்ளிவாசலில் கதிரை அவருக்காகக் காத்துக்கொண்டுதான் இருந்தது.

அடுத்த நாள் அடை மழை. கடையில் உட்கார்ந்து தேத்தண்ணீரில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தபோது அழகம்மாவின் செய்தி வந்தது.

“முழங்கால் வலின்னு படுத்துட்டேன். ஹாஜியார் இந்த மழையிலயும் நடப்பாரேன்னு நெனச்சதும் வெக்கமாப் போச்சு. குடையப் புடிச்சுக்கிட்டு பாலம் வரைக்கும் போயிட்டு வந்தேன். நீங்க நல்லா இருக்கணும்னு சாமிகிட்ட வேண்டிக்கிட்டேன்.”

பிஸ்கட் ஊறி உடைந்து கோப்பைக்குள் விழுந்தது. ஹாஜியார் அதை எடுக்கவில்லை. தன் பொய்க்கு யாரோ ஒரு பெண் சாமி கும்பிடுகிறாள் என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை செல்லச்சாமி வழக்கம்போல் கையை நீட்டினார்.

“வேணாம். கடையப் பார்த்துக்கோ” என்று பட்டியைத் தன் கையில் கட்டிக்கொண்டு ஹாஜியார் இறங்கிவிட்டார்.

பாலத்துக்குப் போவதற்குள் நாலு இடத்தில் நின்றார். மகாவலி ஆற்றைப் பார்ப்பதுபோல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பழக்கடைக்காரர், “என்ன ஹாஜியார், கார் பழுதா?” என்று கேட்டார். “இல்ல, நான்தான் பழுது” என்று சிரித்துக்கொண்டே நடந்தார். வியர்வையில் சட்டை நனைந்தது. ஆனாலும் மனதில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியதுபோல் இருந்தது.

மாலையில் குழுவில் எழுதினார்.

“எல்லாரும் மன்னிக்கணும். மூணு மாசமா நான் போட்ட கணக்கு என்ட நடை இல்ல. கடை ஆளுட கையில பட்டியக் கட்டி அனுப்பினேன். இண்டைக்குத்தான் நான் நடந்தேன். 2,140 அடி.”

ஹாஜியார் போனைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். அழகம்மா என்ன நினைப்பாள்?

கடைசியில் தாதிதான் எழுதினாள். “இன்னைக்குத்தான் நீங்க நெசமாவே முதலிடம், ஹாஜியார்.”

அதற்குப் பிறகு கைதட்டல் படங்கள் மழையாக விழுந்தன. அழகம்மாவிடமிருந்து மட்டும் குழுவில் ஒன்றும் வரவில்லை. அவருக்குத் தனியாக ஒரு குரல் பதிவு வந்தது. பயந்து பயந்து அழுத்தினார். கடைச் சாவியோடு நின்ற செல்லச்சாமி எதற்கோ கூரையைப் பார்த்தார்.

“கோவிச்சுக்காதீங்க ஹாஜியார். எனக்கு மொத நாளே தெரியும். திட்டினா குரூப்ப விட்டே போயிருவீங்க. புகழ்ந்துக்கிட்டே இருந்தா என்னைக்காவது ஒரு நாள் எந்திரிப்பீங்கன்னு நெனச்சேன். நீங்க ஒரு பொய் சொன்னீங்க, நானும் ஒரு பொய் சொன்னேன், சரியாப் போச்சு. நாளைக்கு வெள்ளன வீட்டம்மாவையும் கூட்டிக்கிட்டு பாலத்துக்கு வாங்க, சேர்ந்து நடப்போம். எங்க வீட்டுக்காரரை மட்டும் கூப்பிட மாட்டேன். பாவம் செல்லச்சாமி, மூணு மாசமா உங்களுக்கும் சேர்த்து நடந்துட்டாரு!”