ஆலா விழும் இடம்

"அவன் வரட்டும். வந்ததும் சாப்பிடுறேன்" என்றாள் செம்மொழி. புருஷன் வீரையன் நீட்டிய தூக்குவாளியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவன் என்று அவள் சொன்னது ஒரு ஆலாவை, கடலில் பாய்ந்து மீன் பிடிக்கிற பறவையை.

காவிரி கடலில் சேருகிற முகத்துவாரத்து மணல்திட்டு. நடுவே உள்ளங்கை அளவுப் பள்ளத்தில், இரண்டு முட்டைகளின் மேல் பெண் ஆலா உட்கார்ந்திருந்தது. சித்திரை வெயிலுக்கு அலகைத் திறந்து மூச்சிரைத்தது.

தள்ளி, நான்கு கம்பு நட்டுக் கீற்றுப் போட்ட நிழலில் செம்மொழி. நாய், காக்கை, செல்ஃபி எடுக்க வருகிறவர்கள், எதுவும் கூட்டை நெருங்காமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அருகிப்போன இனமாம். பறவை ஆராய்ச்சி செய்கிறவர்கள் சம்பளம் கொடுத்து அவளை உட்கார வைத்திருந்தார்கள்.

ஒரு பறவையின் மேல் பொறாமைப்படுவது வீரையனுக்கே கேவலமாகத்தான் இருந்தது. படாமலும் இருக்க முடியவில்லை.

பங்குனியில் இந்தத் திட்டு முழுக்கக் கூடுகள். ஆண் மீன் கொண்டுவந்து ஊட்டும். பெண் தின்றுவிட்டு அடைகாக்கும். மீன் வராவிட்டால் பெண் எழுந்து போய்விடும். மணல் சூட்டில் முட்டை வெந்துவிடும்.

இந்த வருஷம் கரையோரம் நெத்திலியே இல்லை. கண்ணில் பட்ட பொடிமீனைக்கூடக் கோழித் தீவனத்துக்கென்று லாரியில் வாரிப் போயிருந்தார்கள். ஒவ்வொரு கூடாகப் பெண்கள் எழுந்து போயின.

மிஞ்சியது இது ஒன்றுதான். இந்த ஆண் மட்டும் எங்கேயோ தொலைதூரம் போய், எப்படியோ மீனோடு திரும்பிக்கொண்டிருந்தது.

வீரையனுக்கும் கடலில் ஒன்றும் அகப்படவில்லை. டீசல் காசுக்குக்கூடத் தேறாமல் வாரக்கணக்காக வெறுங்கூடையோடு வீடு வந்தான். அப்படி ஒரு நாள் அவன் வாசலில் கால் கழுவிக்கொண்டிருக்கும்போது செம்மொழி சொன்னாள்.

"என்ன இருந்தாலும் அவன் ஒரு நாள்கூட வெறும் வாயோட வந்ததில்லைங்க."

குத்திக்காட்டச் சொல்லவில்லை. சும்மா, பறவையைப் பற்றித்தான் சொன்னாள். அதனால்தான் அது உள்ளே போய்த் தைத்தது.

சோறு போடும்போது அவன் பேச்சு. பாய் விரித்தபிறகும் அவன் பேச்சு. விடிந்ததும் எந்தப் பக்கம் பறக்கிறான், எவ்வளவு நேரத்தில் திரும்புகிறான், கொண்டுவந்த மீன் எத்தனை பெரிது. கல்யாணமான புதிதில், மன்னார்குடியிலிருந்த தன் அம்மாவிடம் போனில் வீரையனைப் பற்றி அவள் பேசிய குரல் அது. வீரையனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

வீரையன் வேலை பார்க்கும் படகின் சொந்தக்காரர் சாரங்கபாணி, ஏலம் விடுகிற இடத்தில் எல்லார் முன்னாலும் கேட்டார்.

"என்னடா வீரா, ஒம் பொண்டாட்டி ஆலாவோட குடும்பம் நடத்துறாளாமே. சோறு ஒனக்குப் போடுறாளா, இல்ல அதுவும் அவனுக்குத்தானா?"

எல்லாரும் சிரித்தார்கள். வீரையனும் சிரித்து வைத்தான்.

வெயில் ஏறியது. பெண் ஆலா பாதி எழுந்து கடலைப் பார்த்துவிட்டு மறுபடி அமர்ந்தது. கூடவே செம்மொழியும் பாதி எழுந்து உட்கார்ந்தாள்.

"விடிஞ்சதுலேருந்து ஒரு தடவகூட வரலங்க. இப்படி இருந்ததே இல்ல."

வீரையன் தூக்குவாளியைத் திறந்து அவள் முன்னால் வைத்தான். சோற்றின் மேல் நெத்திலி வறுவல், முறுகலாக, வாளி கொள்ளாமல். இன்று காலை அவர்கள் படகு நிறைய மீனோடு கரை சேர்ந்ததையும், சாரங்கபாணியே அவன் முதுகில் தட்டியதையும் அவளிடம் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தான்.

எங்கே கிடைத்தது என்று அவள் கேட்கவில்லை. வாளியில் ஈ உட்கார்ந்தது. அதைக்கூட ஓட்டவில்லை.

பெண் ஆலா எழுந்தது. முட்டைகளைச் சுற்றி ஒரு நடை நடந்தது. பிறகு பறந்தது, ஆற்றின் மேலாக, திரும்பிப் பாராமல்.

செம்மொழி செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். தன் நிழல் முட்டைகளின் மேல் விழுகிற மாதிரி குனிந்து நின்றுகொண்டாள். சுடுமணலில் கால் மாற்றி மாற்றி வைத்தாள்.

"அவன் இப்ப வந்துடுவான். அவன் குரல் கேட்டா அவளும் திரும்பிடுவா."

"வரமாட்டான்" என்றான் வீரையன். "வா, வீட்டுக்குப் போவோம்."

அவள் நிமிர்ந்தாள். இன்றைக்கு முதல்முறையாக அவனை நேருக்கு நேர் பார்த்தாள்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஆலா விழும் இடத்தில் மீன் இருக்கும். அங்கே வலை விடு என்பது கடலுக்குப் போகிற எல்லாருக்கும் தெரிந்த பாடம். இந்த ஆலா எந்தப் பக்கம் போகும், எப்போது போகும் என்பது வீரையனுக்கு மட்டும்தான் தெரியும். பாயில் படுத்தபடி அத்தனையும் கேட்டிருந்தான்.

இன்று விடியலில் அவன்தான் கைகாட்டினான். சாரங்கபாணி படகைத் திருப்பினார். ஆலா பாய்ந்து விழுந்த இடத்தைச் சுற்றி வலையை வளைத்தார்கள். கடலில் மிச்சமிருந்த கூட்டம் அது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஒரு மீன் தப்பவில்லை.

வலை இறுக இறுக, மேலே மேலே வந்து துள்ளிய மீனுக்கு ஆலா மறுபடி பாய்ந்தது.

இழுத்துப் போட்டபோது இறக்கை வலைக்கண்ணில் முறுக்கிக் கிடந்தது. உயிர் இல்லை. அலகில் ஒரு நெத்திலி குறுக்கே அகப்பட்டிருந்தது.

வீரையன் அந்த நெத்திலியை உருவிக் கூடையில் போட்டுவிட்டு, ஆலாவைக் கடலில் எறிந்தான்.