வெட்டாமல் ஒரு கல்

“வெட்டக் கூடாது,” என்றாள் மரில்சா. “இப்ப எப்படி இருக்கோ அப்படியே வேணும்.”

விற்பனையாளன் கிளேய்த்தன் சிரித்தான். சிரிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன்.

காலையிலிருந்து அவள் ஏறி இறங்கும் ஆறாவது கல் கடை இது. கல் வெட்டிப் பிழைக்கும் ஊரான கஷோய்ரோவில் நாய்க்கூண்டு வாசலுக்குக்கூட கிரானைட் போடுவார்கள். அவள் வீட்டில் மட்டும் சமையல் மேடை இன்னும் மரப்பலகைதான். போன வாரம் அதுவும் உளுத்துப்போய் ஒரு பக்கம் இறங்கியது. கொதிக்கிற பீன்ஸ் பானை அவள் பாதத்தில் கவிழ்ந்தது.

இந்தத் தடவை கல்தான் போட வேண்டும் என்று புருஷன் ஒற்றைக்காலில் நின்றார். சரி என்றவள் வெந்த காலில் துணியைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கிளேய்த்தன் ஒரு வெள்ளைக் கற்பலகை முன்னால் போய் நின்றான்.

“குவார்ட்ஸ். இப்ப எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க. காபி கொட்டினாலும் கறை பிடிக்காது. தொட்டுப் பாருங்கக்கா.”

தொட்டாள். உடனே கையை எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

“நீளம் எவ்வளவு?”

“மூணு மீட்டர். உங்களுக்கு வேணுங்கிற அளவுக்கு வெட்டி...”

“வெட்டக் கூடாதுன்னு சொன்னேன்.”

“துணி எடுத்துட்டுத் தைக்கக் கூடாதுன்னா எப்படிக்கா? வெட்டுக்குக் காசு வாங்குறதில்ல. இலவசம்.”

“யாருக்கு இலவசம்?”

அவனுக்குப் புரியவில்லை. பின்னால் பட்டறையில் கட்டர் ஓடத் தொடங்கியது. பேச்சு காதில் விழாத அளவுக்குச் சத்தம். ஜன்னல் வழியே வெள்ளைப் புகைபோல ஏதோ வெளியேறி, முற்றத்துக் கொய்யா மரத்தின்மேல் படிந்தது. அந்த மரத்தில் ஓர் இலைகூடப் பச்சையாக இல்லை.

அவள் அங்கேயே பார்ப்பதைக் கண்டு கிளேய்த்தன் சொன்னான்:

“எங்க ஆளுங்களுக்குத் தினமும் ஒரு பாக்கெட் பால் கொடுத்துடுறோம்க்கா. நெஞ்சுல இருக்கிறதையெல்லாம் கழுவிடும்.”

மரில்சா கையிலிருந்த அளவு டேப்பை இழுத்தாள், விட்டாள். மறுபடி இழுத்தாள். அதை அவன் முகத்தில் எறியாமல் இருக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

“வீட்டுக்காரரைக் கூப்பிடுங்களேன். வண்டியிலதானே உக்காந்திருக்காரு? ஆம்பளைங்களுக்கு அளவு சமாச்சாரம் சட்டுனு புரியும்.”

“அவரு இறங்க மாட்டாரு.”

“ஏன், கோவமா?”

“கோவம் எனக்கு.”

அவனை விட்டுவிட்டு முற்றத்துக்குப் போனாள். சுவரோரம் கழிவுத் துண்டுகள் சாய்ந்து கிடந்தன. ஒவ்வொன்றாக முன்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். நிறத்தைப் பார்க்கவில்லை. டேப்பை மட்டும் வைத்துப் பார்த்தாள். விரல் நகம் ஒன்று பெயர்ந்தது.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. சேற்று நிறம். ஒரு முனை, பல் உடைந்த மாதிரி சில்லுப் பெயர்ந்திருந்தது. ஒரு மீட்டர் பன்னிரண்டு. “எங்க வீட்டுச் சுவரு ஒன்னு இருபது,” என்றாள்.

“அது வேஸ்ட்டுக்கா. யாரோ படிக்கட்டுக்குப் போட்டு மிஞ்சினது. வெட்டியே மூணு வருஷம் ஆச்சு.”

“மூணு வருஷமா?”

“ஆமா.”

“இதுதான் வேணும்.”

“எட்டு சென்டிமீட்டர் இடைவெளி விழுமே?”

“வெளக்குமாறு வச்சுக்குவேன்.”

“பாத்திரம் கழுவுற தொட்டிக்கு ஓட்டை வெட்டணுமே?”

“தொட்டி தனியா நிக்கும்.”

கிளேய்த்தன் முதல்முறையாகச் சிரிப்பதை நிறுத்தினான். கஞ்சத்தனம் என்று நினைத்திருப்பான். ஆனாலும் தொழில்காரன்.

“அந்த முனையையாவது தேய்ச்சுத் தரேன். ரெண்டே நிமிஷம்,” என்றவன், கிரைண்டரை எடுத்துவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தான்.

“அதுமேல மிஷினை வச்சீங்கன்னா, இங்கயே போட்டு உடைச்சிட்டுப் போயிருவேன்.”

அவள் கத்தவில்லை. அதனால்தான் அவன் கிரைண்டர் வேண்டாமென்று உள்ளே கை காட்டினான்.

அவள் காசை எண்ணிக் கொடுத்ததும் இரண்டு பேர் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூத்தவன் அதெனில்சனுக்குப் புருவம்வரை வெள்ளைத் தூசி. கல்லை வண்டியின் பின்னால் கிடத்திவிட்டு நிமிர்ந்தவன் முன் இருக்கையைப் பார்த்தான். வாயில் கட்டியிருந்த துணியை இறக்கினான்.

“ஒசோரியோ மேஸ்திரி.”

ஒசோரியோ சிரித்தார். வண்டிக் கண்ணாடியைத் திறக்கக் கூடாது என்று மரில்சா சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள். திறந்து வைத்திருந்தார். மூக்கில் குழாய். முழங்கால்களுக்கு நடுவே ஆக்சிஜன் சிலிண்டர். ஐம்பத்தொரு வயது. இந்தத் தெருவில் பாதிப் பேருக்குக் கட்டர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர். பத்தொன்பது வருஷத் தூசி, நெஞ்சுக்குள்ளே கல்லாகவே இறுகிவிட்டது என்று டாக்டர் எக்ஸ்ரே படத்தைக் காட்டிச் சொல்லியிருந்தார்.

மேஸ்திரி மெல்லத் திரும்பிக் கல்லைப் பார்த்தார். தொழில்காரர் பார்வை.

“முனை... கூரா இருக்கு,” என்றார், மூச்சுக்கு நிறுத்தி நிறுத்தி. “அதெனில்சன்... ரெண்டு நிமிஷம்... தேய்ச்சுக் குடு. இவ இடுப்புல... இடிக்கும்.”

“இதோ, மேஸ்திரி.”

பட்டறைப் பக்கம் திரும்பிய அதெனில்சன் இருமினான். நான்கு எட்டு வைத்தான். மறுபடி இருமல் வந்தது. கொய்யா மரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான்.

மரில்சா வண்டியில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள். புருஷன் மடிக்குக் குறுக்கே எட்டி, அந்தப் பக்கத்துக் கண்ணாடியைக் கடைசிவரை சுழற்றி ஏற்றினாள். சாவியைத் திருகினாள்.

“இடிச்சா இடிக்கட்டும்.”