வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க

"வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்கன்னு போன்ல சொன்னீங்களே டாக்டர், கூட்டிட்டு வந்துட்டேன். வரமாட்டேன்னு ஒரே ஆர்ப்பாட்டம். நீங்க வரலன்னா அரசாங்க ஆளுங்க வீட்டுக்கே வருவாங்கன்னு சொன்னேன். உடனே கால்ல சப்பாத்தை மாட்டிக்கிட்டாரு."

கஸ்தூரி மூச்சிரைக்க உட்கார்ந்தாள். பின்னாலேயே லெட்சுமணன் பூப்போட்ட பாத்திக் சட்டையும் பளபளக்கும் சப்பாத்துமாக, கோர்ட்டில் சாட்சி சொல்ல வந்தவர் மாதிரி நின்றார்.

லோஷினி டாக்டர் இல்லை, குடும்ப ஆலோசகர். போனிலேயே திருத்திப் பார்த்து அலுத்துவிட்டாள். ஸ்கூடாய் நகரில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த அந்த ஆலோசனை மையத்தில் அவள் தனியாகப் பார்க்கும் முதல் ஜோடி இதுதான். கெடுத்துவிடக் கூடாதே என்று காலையிலிருந்து பாடக் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"உட்காருங்க சார்."

லெட்சுமணன் நாற்காலியைச் சுவர் வரைக்கும் இழுத்துக்கொண்டுபோய் உட்கார்ந்தார். இத்தனை தூரமா! வயது வித்தியாசமும் கொஞ்சம் அதிகம்தான். லோஷினி இரண்டையும் மனதில் குறித்துக்கொண்டாள்.

"சொல்லுங்க அக்கா, என்ன பிரச்சினை?"

"எல்லாம் இந்தப் பாழாப்போன குடிதான். குடிச்சா நடுராத்திரியில பாட்டு, கூத்து. போன வாரம் உதைச்ச உதையில வாசக்கதவே பேந்து விழுந்துருச்சு. அதான், தீபாவளிக்குள்ள வீட்டை விட்டுப் போயிருன்னு இவரு சொல்லிட்டாரு. கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து இவரு வீட்லதான் டாக்டர் குடித்தனம். ரெண்டு புள்ளைங்கள இழுத்துக்கிட்டு நான் எங்க போவேன்?"

அவள் குரல் உடைந்தது. லோஷினிக்குச் சுறுசுறுவென்று கோபம் வந்தது. ஆலோசகர் கோபப்படக் கூடாது என்று படித்ததெல்லாம் எங்கேயோ பறந்துவிட்டது.

"ஏன் சார் கதவை உடைச்சீங்க?"

"அலமாக்! நான் எங்க உடைச்சேன்? புதுக்கதவு வாங்கி மாட்டிக் கொடுத்தவனே நான்தான்!"

"அதானே? உடைக்கிறது, அப்புறம் மனசு உறுத்திப் புதுசு வாங்கி மாட்டறது. எத்தனை பேரைப் பார்த்திருப்பேன்!"

ஒருத்தரையும் பார்த்ததில்லை. ஆனாலும் சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது.

"குடிப்பீங்களா, மாட்டீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

"கல்யாணம், காதுகுத்துன்னா ஒரு டின்னு பீரு..."

"எல்லாரும் ஒரு டின்னுன்னுதான் சொல்வாங்க. புள்ளைங்க முகத்தையாவது நினைச்சுப் பார்த்தீங்களா?"

"அந்தப் புள்ளைங்களுக்காகத்தானே இத்தனை நாள் பொறுத்துப் போனேன்!" லெட்சுமணனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. "தாமான்ல அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாரும் என்னையத்தான் கேக்கறாங்க. உன் வீட்டுல என்ன சத்தம், உன் வீட்டுல என்ன சண்டைன்னு. எனக்கு மானம் போகுது லா."

"மானம் மட்டும்தான் தெரியுது. இந்த அக்கா அழறது தெரியல, இல்ல?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மெதுவாகச் சொன்னார்: "தெரியாம இல்ல. பாவம்தான். தங்கமான மனுஷி. வீட்டை விட்டுப் போகச் சொல்லிட்டு நானும்தான் ஒழுங்கா சாப்பிடல."

இரும்பு சூடாகிவிட்டது. லோஷினி எழுந்துபோய் அவர் நாற்காலியை இழுத்துவந்து கஸ்தூரியின் எதிரில் போட்டாள்.

"இப்ப இவங்க கையைப் பிடிங்க."

லெட்சுமணன் முகம் வெளிறியது. "அந்தம்மா கையவா?"

அந்தம்மாவாம்! யாரோ ரோட்டில் போகிறவளைச் சொல்வது மாதிரி!

"இதுதான் சார் சிகிச்சை. ம், பிடிங்க. கண்ணைப் பார்த்துச் சொல்லணும்."

"வெளிய தெரிஞ்சா என்னையத் தொலைச்சுருவாங்க டாக்டர்."

"இந்த ரூம்ல நடக்கறது வெளிய போகாது. பிடிங்க!"

கஸ்தூரியும் ஒரு கணம் திகைத்தாள். படித்தவர்கள் சொன்னால் காரணம் இருக்கும் என்று கையை நீட்டினாள். லெட்சுமணன் கரண்டு கம்பியைத் தொடுபவர் போல அதைப் பிடித்தார்.

"நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்க. இனிமே நான் குடிக்க மாட்டேன்."

"இனிமே நான்... காதுகுத்துல கூடவா டாக்டர்?"

"காதுகுத்துல கூட."

"குடிக்க மாட்டேன்," என்றார், பரிதாபமாக.

"உங்களையும் புள்ளைங்களையும் என்னிக்கும் வீட்டை விட்டுப் போகச் சொல்ல மாட்டேன்."

இதைச் சொல்லும்போது லெட்சுமணன் தயங்கவில்லை. கஸ்தூரியின் கண்ணை நேராகப் பார்த்தார். "போகச் சொல்ல மாட்டேன்மா. நீங்க இல்லாம அந்த வீட்டை என்னால நினைச்சுக்கூடப் பார்க்க முடியல."

கஸ்தூரி விம்மி விம்மி அழுதாள். லோஷினிக்கும் கண் கலங்கியது. முதல் கேஸிலேயே ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைத்துவிட்டோம் என்று பெருமை தாங்கவில்லை.

"இப்ப எப்படி இருக்கு அக்கா?"

"நெஞ்சுல இருந்த பாரம் இறங்கிருச்சு டாக்டர். இனி வாடகைக்கு வேற வீடு தேடி அலைய வேண்டாம்." கஸ்தூரி மறு கையால் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப என் புருஷனை வரச் சொல்லட்டுமா? கீழ கார்லதான் இருக்காரு, உங்களப் பாக்கணும்னு இன்னிக்கு ஒரு சொட்டுகூடத் தொடல. அவரு படியேறி வர்றதுக்குள்ள, இந்த அண்ணனைக் கொஞ்சம் என் கைய விடச் சொல்லுங்க."